பால் மட்டும் போதுமா?
உண்ணிக் காய்ச்சலில் ஒரு மாடு விழுகிறது, ஒரு மாடு தாங்குகிறது. காரணம் பரம்பரையிலும் இருக்கிறது.

சென்னைப் புறநகரில் பெரும்பாக்கம் ஏரிப் பக்கம் மேய்ந்துவிட்டு, அடுக்குமாடிகளுக்கு நடுவே வீடு திரும்பும் மாடுகளில் பல ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே புல், ஒரே தண்ணீர், ஒரே உண்ணி. ஆனாலும் ஒரு மாடு காய்ச்சலில் படுத்துவிடும்; பக்கத்துக் கட்டுத்தறி மாடு அசைபோட்டபடி நிற்கும். நேரம் சரியில்லை என்று நாம் விட்டுவிடுகிறோம்.

உண்ணி கடத்தும் நோய்களில் கறவை மாட்டுக்காரர்கள் அஞ்ச வேண்டியது தைலேரியா. தோளுக்கு முன்னால் தடவிப் பார்த்தால் நிணநீர்க் கட்டி புடைத்திருக்கும். கீழிமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளுத்திருக்கும். பால் மளமளவென்று குறையும். கலப்பினங்களையே இது அதிகம் வாட்டுகிறது. எடின்பரோவின் ரோஸ்லின் ஆய்வு நிலைய விஞ்ஞானிகள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கிருமியை நாட்டு இனமான சாகிவாலின் கன்றுகளுக்கும் ஹோல்ஸ்டீன் கன்றுகளுக்கும் செலுத்தினார்கள். சாகிவால் கன்றுகள் நோயுற்றும் தேறின. ஹோல்ஸ்டீன் கன்றுகளை அது கடுமையாகத் தாக்கியது.

நாட்டு மாடு என்றாலே எந்த நோயும் அண்டாது என்று இதற்குப் பொருளில்லை. ஒரே இனத்துக்குள்ளும் மாட்டுக்கு மாடு வேறுபாடு உண்டு. உள்ளே நுழைந்த கிருமியை எதிர்ப்பணுக்களுக்கு அடையாளம் காட்டும் போலா என்ற மரபணுத் தொகுதி, மாடுகளின் 23ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் டிஆர்பி3 மரபணுவுக்கு மட்டும் நூற்றுக்கணக்கான வடிவங்கள் உண்டு. ஒரு வடிவம் ஒரு கிருமிக்கு ஈடுகொடுக்கும், இன்னொன்றிடம் தோற்கும். அதனால் மந்தையில் பல வடிவங்கள் கலந்திருப்பதே காப்பு. சில காளைகளின் விந்தையே ஊரெங்கும் போட்டுக்கொண்டிருந்தால் அந்தக் காப்பு குறைந்துவிடும்.

பாலும் வேண்டும், எதிர்ப்பும் வேண்டும் என்பது பேராசையல்ல. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1960களிலேயே, நம் துணைக்கண்டத்துச் சாகிவாலை ஃப்ரீசியனோடு சேர்த்து, உண்ணி குறைவாகப் பிடிப்பவற்றையும் பால் நன்றாகக் கறப்பவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரு புது இனத்தையே உருவாக்கினார்கள். பிரிட்டனில் 2016 முதல், காசநோயை எந்தக் காளையின் வாரிசுகள் கூடுதலாகத் தாங்கும் என்பதற்கு மதிப்பெண் கொடுக்கிறார்கள். இந்தியாவிலும் 2024 அக்டோபரில் நம் மாடுகளுக்கென்றே 'கௌ சிப்' என்ற மரபணுச் சோதனைச் சில்லு வந்துவிட்டது.

சில்லு மட்டும் இருந்தால் போதாது. எந்தக் காளைக்குப் பிறந்த கிடேரி எப்போது, எந்த நோயில் விழுந்தது என்ற பதிவு வேண்டும். அது மாட்டுக்காரரின் நினைவிலும் மருத்துவரின் சீட்டிலும் சிதறிக் கிடக்கிறது. தாம்பரத்துக்குத் தெற்கே காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கால்நடை மருந்தகங்களும் பால் சங்கங்களும் அந்தப் பதிவுகளைத் திரட்டித் தந்தால், காளைத் தேர்வில் நோய் எதிர்ப்புக்கும் இடம் கிடைக்கும். அதுவரை, சினை ஊசி போட வருபவரிடம் "தாய் எத்தனை லிட்டர் கறந்தது?" என்பதோடு, "இந்தக் காளையின் கிடேரிகள் காய்ச்சலைத் தாங்குகின்றனவா?" என்றும் கேட்போம். கேட்பவர்கள் பெருகினால்தான் பதிவேடு பிறக்கும்.