தொலைக்காட்சி நாடகமும் தோட்டத்துக் கூத்தும்

நாடகம் எச்சாதனத்தின் வழியே மக்களை அடைகின்றதோ, அச்சாதனத்தின் இயல்பே அதன் வடிவத்தைப் பெரிதும் வகுக்கின்றது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்ககாலம் இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

1950களின் முற்பகுதியில் அந்நாட்டுத் தொலைக்காட்சி நாடகங்களுட் பல, நியூயோர்க் நகரத்துக் கலையகங்களில் நடிக்கப்பட்ட அக்கணத்திலேயே ஒளிபரப்பப்பட்டன. சிறிய திரையிற் போர்க்களங்களையும் பெருங்கூட்டங்களையும் காட்டுதல் அரிது. ஒருவர் முகத்தை அணுகிக் காட்டுதலோ எளிது. ஆகவே நாடகாசிரியர்கள் அரசரையும் வீரரையும் விடுத்து, எளிய மாந்தரின் உள்ளத்தை நாடினர். பாடி சாயெவ்ஸ்கி எழுதி, 1953 மே 24இல் ஒளிபரப்பாகிய 'மார்ட்டி', மணமாகாத ஓர் இறைச்சிக் கடைத் தொழிலாளியின் தனிமையையே பொருளாகக் கொண்டது. அது 1955இல் திரைப்படமாகி, சிறந்த படத்துக்குரிய அக்கடமி விருதையும் பெற்றது.

எனினும், அந்நாடகங்கள் காற்றோடு கலந்துபோகும் இயல்பின. ஒளிநாடாப் பதிவுக்கருவி 1956ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர், ரொட் சேர்லிங்கின் 'பற்றேர்ன்ஸ்' 1955 சனவரி 12இல் ஒளிபரப்பாகிப் பெரும்பாராட்டைப் பெற்றபோது, அதனை மீண்டும் காட்டுதற்பொருட்டு, பெப்ரவரி 9இல் நடிகர்கள் நாடகம் முழுவதையும் மறுபடி நடிக்க வேண்டியதாயிற்று. தொலைக்காட்சித் திரையின் முன் படக்கருவியை நிறுத்திப் பிடித்த மங்கலான பிரதிகளே சிலவற்றிற்கு எஞ்சின. அவற்றுள்ளும் பல அழிந்தன. 1954இல் ஒளிபரப்பாகிய ரெஜினால்ட் றோசின் 'பன்னிரு சினங்கொண்ட மனிதர்' என்னும் புகழ்மிக்க நாடகத்தின் முழுப்பிரதி 2003ஆம் ஆண்டிலேயே கண்டெடுக்கப்பட்டது.

நகைச்சுவையோ வேறொரு வழியிற் சென்றது. 1951 ஒக்ரோபர் 15இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரின் நடிகர்களாகிய லூசில் போலும் டெசி ஆர்னாசும் ஹொலிவுட்டை விட்டு நீங்க விரும்பாமையால், மூன்று படக்கருவிகளைக் கொண்டு, அவையோர் முன்னிலையிலேயே படச்சுருளிற் பதிவு செய்தனர். செலவு மிகுந்தமையின் தம் ஊதியத்திற் குறைப்பை ஏற்று, அதற்கு ஈடாகப் படங்களின் உரிமையைப் பெற்றனர். 1953 சனவரி 19இல் லூசிக்குக் குழந்தை பிறக்கும் பகுதியை ஏறத்தாழ 4 கோடி 40 இலட்சம் மக்கள் கண்டனர் என்பர். படச்சுருளில் அமைந்தமையாலேயே அத்தொடர் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாகி, உலகெங்கும் பரவிற்று.

இலங்கையிற் சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும், ரூபவாஹினி 1982இலுமே தோன்றின. அதற்கு முன்னர் இல்லந்தோறும் நாடகம் புகுந்தது வானொலி வாயிலாகவேயாம். எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' வானொலியிற் புகழ்பெற்று, 1976இல் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாயிற்று. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் ஆகிய நால்வரின் வெவ்வேறு பேச்சுவழக்குகளே அதன் நகைச்சுவைக்கு ஊற்றாயின. அந்நால்வருள் தோட்டத் தமிழர் ஒருவரும் இலர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அங்ஙனமாயின் தோட்ட மக்களுக்கு நாடகம் இல்லையோ? உண்டு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை உள்ளடக்கிய சப்பிரகமுவவின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை நோக்கின், பகலிற் பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் உழைப்போரே மாசி மாதத்திற் காமன்கூத்தின் நடிகராவர். காமன் கம்பம் ஊன்றி, தப்பொலி முழங்க, மன்மதன் எரிந்த கதையையும் இரதியின் புலம்பலையும் விடியவிடிய ஆடுவர். நேரடி ஒளிபரப்பு நாடகத்தைப் போன்றே, அவ்விரவோடு அவ்வாட்டம் மறைகின்றது. அடுத்த மாசிக்கு அதனைக் கொண்டுசெல்வது கூத்து மாஸ்டரின் நினைவேயன்றி வேறில்லை.

சப்பிரகமுவத் தமிழர் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறுசிறு தொகுதியினராய்ச் சிதறி வாழ்பவர். ஆதலின், இளைஞர் தொழில்தேடிக் கொழும்புக்குச் செல்லும்போது, ஒரு தோட்டத்துக் கூத்துக்கு ஆள் குறைந்தால் அயல்தோட்டத்திலிருந்து ஈடுசெய்தலும் எளிதன்று. முதிய மாஸ்டர் ஒருவர் மறையின், அவர் கற்ற பாடலும் அடவும் அவரோடு மறையும். அமெரிக்கர் இழந்த நாடகங்கள் பதிவுக்கருவி பிறவாத காலத்தில் இழந்தவை. இன்றோ அக்கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. மூத்த கூத்தரை அணுகி அவர்தம் பாடலையும் ஆட்டத்தையும் பதிந்து, பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நாளையும் உடன் குறித்துவைத்தல் மாணவராலும் இயலும். இன்னும் ஒரு தலைமுறை கழியுமாயின், பதிவதற்குக் குரல் எஞ்சாது.