தேக்குக்குள் மணல், பிளேடுக்குள் சூளை

தேக்கை இழைக்கிற பிளேடு சீக்கிரம் மழுங்கிப்போகும். மரம் கடினமானது, அதனால்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தேக்கு நடுத்தரக் கடினம்தான். கருவேலம் அதைவிடக் கடினமானது. தேக்கின் குறும்பு வேறு இடத்தில் இருக்கிறது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை வேர் உறிஞ்சிக்கொள்ள, அது மரத்தின் செல்களுக்குள் நுண்துகளாகப் படிந்துவிடுகிறது. எடையில் 1 சதவீதத்தையும் தாண்டிச் சிலிக்கா உள்ள தேக்கு உண்டு. ஆற்று மணலும் பெரும்பாலும் இதே சேர்மம்தான். ஆசாரி தேக்குப் பலகையைச் சீவும்போது அதற்குள் ஒளிந்திருக்கும் மணலையும் சேர்த்தே சீவுகிறார்.

விருத்தாசலத்தில் இதைச் சொன்னால் யாரும் அதிகம் வியக்க மாட்டார்கள். சிலிக்காவோடு புழங்கியே பிழைக்கிற ஊர் அது. பழமலைநாதர் கோயிலும் ரயில் சந்திப்பும் ஒருபுறம் இருக்க, கடலூர் மாவட்டத்துக்கு வெளியே இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது பீங்கான். பீங்கான் தொழிற்பேட்டை, அந்தத் தொழிலுக்கென்றே அரசு நடத்தும் பயிலகம், ஃபியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் பொம்மையும் செய்யும் சிறு பட்டறைகள் எல்லாம் இங்கே உண்டு. களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் மூன்றையும் அரைத்துக் கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் 1,250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் பீங்கான். அந்தச் சூட்டில் ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடிக் குழம்பாகி மற்றத் துகள்களைப் பிடித்துக்கொள்கிறது. ஆறியபின் பார்த்தால் பண்டம் நீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கியிருக்கும்.

இன்று கடையில் வாங்கும் மின் இழைப்புளியில், அதாவது பட்டறையில் எல்லோரும் 'பிளேனர்' என்று சொல்லும் கருவியில், மாட்டியிருக்கும் கார்பைடு பிளேடும் இதே வழியில்தான் பிறக்கிறது. அதை யாரும் உருக்கி வார்ப்பதில்லை, வார்க்கவும் முடியாது. டங்ஸ்டன் கார்பைடுத் தூளையும் கோபால்ட் தூளையும் கலந்து, அச்சில் அழுத்தி, காற்றுப் படாத உலையில் 1,400 டிகிரி அளவுக்குச் சுடுகிறார்கள். கார்பைடோடு சேர்ந்து கோபால்ட் உருகித் துகள்களை ஒட்டிவைக்கிறது. பீங்கானில் ஃபெல்ஸ்பார் செய்யும் வேலையை இங்கே கோபால்ட் செய்கிறது. சுருக்கமும் உண்டு, நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை. சுடும்போது எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டு அச்சைப் பெரிதாகச் செய்யும் விருத்தாசலத்துப் பட்டறைக்காரரிடம் கார்பைடு தொழிற்சாலையின் கவலையைச் சொன்னால் உடனே புரியும்.

இந்தப் பொருள் மரவேலைக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதே அல்ல. மின்விளக்கின் டங்ஸ்டன் இழையை மெல்லியதாக இழுக்க வைர அச்சு தேவைப்பட்டது, வைரம் கட்டுபடியாகவில்லை. மாற்றுத் தேடிய ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் 1923இல் இந்தக் கலவைக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு குருப் நிறுவனம் 'விடியா' என்ற பெயரில் விற்றது. சுவரில் துளை போடும் பிட்டுக்கு நம் ஊர் எலக்ட்ரீஷியன் 'விடியா பிட்' என்று சொல்வது அந்தப் பெயரைத்தான்.

பீங்கானோடு உறவு என்றால் அதன் குணமும் இருக்க வேண்டும் அல்லவா? இருக்கிறது. கார்பைடு தேக்கின் சிலிக்காவுக்கு அசராது, ஆனால் சிமென்ட் தரையில் விழுந்தால் முனை சில்லுச் சில்லாகப் போகும். மரத்துக்குள் மறைந்த ஓர் ஆணி போதும். ஹைஸ்பீடு எஃகு பிளேடு அப்படியல்ல. ஆணி பட்டால் பள்ளம் விழும், சாணை பிடித்துச் சரிசெய்துகொள்ளலாம். பழைய வீடு இடித்த மரத்தையும் பேக்கிங் பெட்டி மரத்தையும் அதிகம் இழைப்பவருக்கு எஃகு நல்லது, தேக்கை இழைப்பவருக்குக் கார்பைடு நல்லது என்பது என் கட்சி. எந்தப் பிளேடாக இருந்தாலும் பழைய மரத்தில் காந்தத்தை ஓட்டி ஆணி தேடிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பிளேனருக்குள் ஒரு சிறிய டிரம், அதில் எதிரெதிரே இரண்டு பிளேடுகள். மோட்டார் ஒரு பெல்ட் வழியாக டிரம்மைச் சுற்றுகிறது. ஜப்பானில் முதல் மின் பிளேனரை 1958இல் மகிதா விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. இன்று பரவலாக விற்கும் 82 மில்லிமீட்டர் அகலப் பிளேனரில் டிரம் நிமிடத்துக்குச் சுமார் 16,000 முறை சுற்றுகிறது. பிளேடு முனை போடும் வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் முனையின் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 7 கிராம் எடையுள்ள ஒரு குட்டிக் கார்பைடு பிளேடு, 50 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டால் எவ்வளவு விசை இருக்குமோ அவ்வளவு விசையோடு வெளியே பறக்கப் பார்க்கும். அதை நிறுத்தி வைத்திருப்பது டிரம்மில் உள்ள மூன்று போல்ட்டுகள். பிளேடு மாற்றியபின் ஒரு போல்ட்டை முறுக்க மறந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இரண்டு பிளேடு இருப்பதால் இரண்டும் சமமாக மரத்தைச் சீவும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் வேறு கதை வருகிறது. பிளேனரை நிமிடத்துக்கு 4 மீட்டர் தள்ளினால் இரண்டு பிளேடுகளும் சேர்ந்து 0.125 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு போட வேண்டும். வட்டப் பாதையில் வெட்டுவதால் பரப்பில் அலை அலையாகக் குழி விழும்; ஆனால் அதன் உயரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு பிளேடு மற்றதைவிட ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் உள்வாங்கி இருந்தாலே கடைசிப் பரப்பை அது தொடாது. கையால் மாட்டும் கருவியில் அந்தத் துல்லியம் நடக்காத காரியம். ஆகவே பளபளவென்று தெரியும் பரப்பு எப்போதும் ஒரே பிளேடின் கைவண்ணம். மற்றது பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறது, டிரம்மின் சமநிலையைக் காக்கிறது. ஒன்றை மட்டும் புதிதாக மாற்றக் கூடாது என்பதன் காரணம் இந்தச் சமநிலைதான். அவசரமாகத் தள்ளினால் அலையின் இடைவெளி அரை மில்லிமீட்டரைத் தாண்டும். பாலிஷ் அடித்ததும் சாய்ந்த வெளிச்சத்தில் வரி வரியாகக் காட்டிக்கொடுக்கும்.

கருவியை முறையாக அமைப்பதன் சூட்சுமம் முழுக்க அடிப்பாகத்தில் இருக்கிறது. கீழே இரண்டு தகடுகள். முன் தகடு குமிழைத் திருகினால் ஏறி இறங்கும். அது எவ்வளவு மேலே போகிறதோ அதுவே சீவும் ஆழம். பின் தகடு அசையாது. சீவிய பரப்பின் மீது சவாரி செய்வது அதுதான். எனவே பிளேடு முனை வட்டத்தின் அடிப்புள்ளியும் பின் தகடும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முனை நீட்டிக்கொண்டிருந்தால் பின் தகடு மரத்தைத் தொடாமல் மிதக்கும். பலகை முடியும் இடத்தில் முன் தகடு வெளியே போனதும் கருவி தொபுக்கென்று இறங்கி ஒரு பள்ளம் தோண்டிவிடும். முனை உள்ளே இருந்தால் பின் தகடு வெட்டாத மரத்தின் மேல் ஏறி, ஆழம் குறைந்துகொண்டே போய்க் கருவி சீவுவதையே நிறுத்திவிடும். 'மெஷின் சரியில்லை' என்று கடைக்குத் திரும்பும் பிளேனர்கள் பலவற்றுக்கு நோய் இதுதான் என்பது என் ஊகம்.

சோதிப்பது எளிது. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கருவியைக் கவிழ்த்து, நேரான இரும்பு ஸ்கேலைப் பின் தகட்டின் மேல் டிரம் வரை நீட்டி வைத்து, ஒரு மரக்குச்சியால் டிரம்மை மெல்லச் சுற்றுங்கள். முனை ஸ்கேலை உரசிப் போக வேண்டும். தூக்கவோ இழுத்துக்கொண்டு போகவோ கூடாது. இடக்கோடியிலும் வலக்கோடியிலும், இரண்டு பிளேடுகளுக்கும் பார்க்க வேண்டும். இருபுறமும் முனையுள்ள குட்டிக் கார்பைடு பிளேடுகள் பள்ளத்தில் தாமாகவே பொருந்துவதால் அவற்றில் இந்த வேலை பெரும்பாலும் மிச்சம்.

ஓட்டும்போது இரண்டு கையும் கருவியில். முன் தகட்டை மட்டும் பலகையில் வைத்து, டிரம் மரத்தைத் தொடாத நிலையில் ஸ்விட்சை அழுத்தி, முழு வேகம் வந்தபின் தள்ளுங்கள். தொடங்கும்போது அழுத்தம் முன் கைப்பிடியில், முடிக்கும்போது பின் கைப்பிடியில். மரத்தின் மேல் பிளேடை வைத்துக்கொண்டு ஸ்விட்ச் போட்டால் டிரம் மரத்தை உதைத்து, கருவி உங்கள் பக்கமாகத் துள்ளும். ஆழம் அரை மில்லிமீட்டர் போதும். தடிமன் அதிகம் குறைய வேண்டுமென்றால் பல முறை ஓட்டிக்கொள்ளலாம்.

மரத்தின் நார் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பலகையின் பக்கவாட்டில் பார்த்துக்கொள்வது பாதி வேலை. மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதிள் நிமிர்ந்து கையைக் குத்தும், மரமும் அப்படித்தான். எதிர்ப்பக்கம் ஓட்டினால் பிளேடுக்கு முன்னால் ஓடும் வெடிப்பு நாரோடு சேர்ந்து பரப்புக்குக் கீழே இறங்கி, மரம் பிய்ந்து வரும். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவிலும் வேம்பிலும் இன்னொரு சிக்கல்: நார் ஒரு பட்டையில் இப்படியும் அடுத்த பட்டையில் அப்படியுமாகப் பின்னிக்கிடக்கும். எந்தப் பக்கம் ஓட்டினாலும் பாதி எதிர்த்திசைதான். புதுப் பிளேடு, மிகக் குறைந்த ஆழம், மெதுவான ஓட்டம், இதைத் தவிர வைத்தியம் கிடையாது.

ஐப்பசி மழையில் கதவு நிலையில் பிடிப்பதுதான் வீடுகளில் பிளேனரைத் தூக்க வைக்கும் முதல் காரணம். மரம் நீளவாக்கில் அனேகமாக மாறாது, குறுக்கில்தான் ஊதும். பச்சைத் தேக்கு முழுக்க உலர்ந்தால் ஆண்டு வளையத்தின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும், ஆர வாக்கில் 2.5 சதவீதமும் சுருங்கும். அடைமழையில் தாராளமாக இழைத்துவிட்டால் சித்திரை வெயிலில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும். பிடிக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அங்கே மட்டும் கொஞ்சம் எடுங்கள். கதவின் மேல் விளிம்பை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே மூச்சில் ஓட்டினால் கடைசி மூலை உடையும். இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கி ஓட்டுங்கள்.

கை இழைப்புளிப் பழக்கம் இங்கே ஆபத்தாக முடியும். தரையில் உட்கார்ந்து கால் விரலால் கட்டையை மிதித்துக்கொண்டு இழைக்கும் அழகை நம் ஆசாரிகளிடம் பார்த்திருப்போம். மின் கருவியில் அது கூடவே கூடாது. கட்டையை கிளாம்பால் மேஜையில் இறுக்க வேண்டும். 82 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழமாக, நிமிடத்துக்கு 4 மீட்டர் ஓட்டினால் 300 கன சென்டிமீட்டருக்கு மேல் மரம் சீவலாகிறது. உதிரிச் சீவலாக அது பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் வெளியேற்றும் வாய் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அந்த வாய் நேராக டிரம்முக்குப் போகிறது. விரலை விட்டு நோண்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குச்சியால் எடுங்கள். ஸ்விட்சை விட்டபின்னும் டிரம் சில விநாடி சுற்றும். முழுக்க நிற்கும்வரை கீழே வைக்கக் கூடாது. தோளில் துண்டு, தொளதொள சட்டைக்கை எதுவும் வேண்டாம். பிளேனரைக் கவிழ்த்து மேஜையில் பொருத்தி, ஸ்விட்சைக் கட்டிவைத்து ஓட்டும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. மூடி இல்லாத டிரம்முக்கு மேல் வெறும் கையால் கட்டையைத் தள்ளும் அந்த ஏற்பாட்டை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பெரும்பாலான பிளேனர்களின் சத்தம் 85 டெசிபெலைத் தாண்டும், காதடைப்பான் வேண்டும். தூசி அதைவிட மோசம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது; படிகச் சிலிக்காத் தூசியும் அதே பட்டியலில்தான். பீங்கான் பட்டறையில் குவார்ட்ஸ் அரைப்பவருக்கு வேண்டிய என்95 முகக்கவசம், தச்சுப் பட்டறையில் தேக்கு இழைப்பவருக்கும் வேண்டும். கைக்குட்டை கட்டினால் போதாது.

மின்சாரம் பற்றி ஒரு சொல். 650 வாட் பிளேனர் 230 வோல்ட்டில் இழுப்பது 3 ஆம்பியருக்கும் குறைவு. விருத்தாசலத்துப் பீங்கான் கட்டையில் 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பி கட்டியிருந்தால் மோட்டார் சிக்கும்போதோ வயர் ஷார்ட் ஆகும்போதோ அது உருகி வீட்டைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றாது. இதயத்தை நிறுத்த ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். அதற்கு ஃபியூஸ் கம்பி சூடுகூட ஏறாது. ஈரத் தரையில், வெட்டுப்பட்ட வயரோடு வேலை செய்பவரைக் காக்கக்கூடியது 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மட்டுமே. பிளேனர் வாங்கப் போகிறவர்கள், பட்டறையிலோ வீட்டிலோ அது இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதைப் பொருத்திய பிறகு கருவியை வாங்குங்கள்.