இரவுக் காற்றும் இளையோர் உறக்கமும்

வகுப்பறையில் கண் அயரும் மாணவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. முந்திய இரவு அவன் எத்தகைய காற்றைச் சுவாசித்து உறங்கினான் என்று நாம் கேட்பதில்லை. உணவின் தூய்மையையும் நீரின் தூய்மையையும் ஆராயும் நாம், உறங்கும் அறையின் காற்றைப் பற்றியும் சிறிது சிந்திப்பது நன்று.

கேரளத்தின் எல்லைப் பகுதிகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் வாளையாரும் கஞ்சிக்கோடும் இருக்கின்றன. வாளையாரில் 1984-ஆம் ஆண்டு முதல் சிமெண்டு ஆலை இயங்கி வந்துள்ளது. கஞ்சிக்கோட்டில் பழைய இரும்பை உருக்கும் ஆலைகள் பல எழுந்தன. அவற்றின் புகையைக் குறித்து அவ்வூர் மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்திருக்கின்றனர். இடுக்கி மாவட்டத்தின் நிலைமை வேறு. தேவிகுளம், பீர்மேடு வட்டாரங்களின் தேயிலைத் தோட்ட லயங்களில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே குளிருக்கு அஞ்சிக் கதவை அடைத்து, விறகடுப்பு எரியும் வீட்டிலேயே பிள்ளைகளும் உறங்குவதுண்டு. ஆலைப் புகையாயினும் அடுப்புப் புகையாயினும் நுரையீரலுக்கு வேற்றுமை இல்லை.

இரவில் புகை ஏன் மிகுதியாகத் தங்குகிறது? பகலில் வெயிலால் சூடேறிய தரை, தன்மேல் உள்ள காற்றையும் சூடாக்குகிறது. சூடான காற்று மேலெழும்போது புகையையும் உடன் கொண்டுசெல்கிறது. இரவில் தரை குளிர்கிறது. குளிர்ந்த காற்று கீழே தங்க, வெப்பமான காற்று அதன்மேல் மூடிபோல் அமைகிறது. மலைசூழ்ந்த பள்ளத்தாக்குகளில் இது மேலும் கடுமையாகும். கணவாய்க் காற்று பலமாக வீசும் நாட்களில் புகை சிதறிவிடும். காற்று ஓய்ந்த இரவுகளிலோ அது தாழ்ந்து படியும். மக்கள் உறங்கும் நேரமும் அதுவே.

புகையிலுள்ள துகள்களுள் மிக நுண்ணியவை 2.5 மைக்ரோமீட்டர் அளவும் அதற்குக் குறைந்தும் இருப்பவை. தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே இவை. இவை மூக்கின் உட்சவ்வையும் தொண்டையையும் உறுத்தி வீங்கச் செய்கின்றன. சிறுவரின் சுவாசப் பாதை இயல்பாகவே குறுகியது. வீக்கம் அதனை மேலும் நெருக்குகிறது. குறட்டை எழுகிறது, சிலருக்கு மூச்சு சில விநாடிகள் தடைப்படுகிறது. அப்போதெல்லாம் மூளை உடலை ஒரு கணம் விழிக்கச் செய்து மூச்சை மீட்கிறது. காலையில் பிள்ளைக்கு இவ்விழிப்புகள் நினைவிராது. களைப்பு மட்டுமே எஞ்சும்.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளோருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர் கருத்து. ஆழ்ந்த உறக்கத்தில்தான் வளர்ச்சிக்குரிய சுரப்புநீர் மிகுதியாக ஊறுகிறது. கற்றதை மூளை நிலைப்படுத்திக்கொள்வதும் உறக்கத்திலேயே. பல நாடுகளின் ஆய்வுகள், மாசு மிகுந்த இடங்களில் வாழும் சிறுவரிடையே உறக்கக் குறைபாடு கூடுதலாக இருப்பதைக் கண்டுள்ளன. இரைச்சலும் வறுமையும் நெரிசலும் அவ்விடங்களில் உடன் இருப்பதால், குறை முழுவதையும் காற்றின்மேல் சுமத்துதல் முறையன்று. காற்றை விலக்கிவிடுதலும் முறையன்று.

வீட்டளவில் நாம் செய்யக்கூடியவை சில. சமைக்கும் இடத்தையும் உறங்கும் இடத்தையும் பிரித்தல் வேண்டும். அடுப்பிற்குப் புகைபோக்கி அமைத்தல் நலம். மூடிய அறையில் கொசுவர்த்தி கொளுத்தலாகாது. கரிக்கணப்பை அறைக்குள் வைத்து உறங்குதல் உயிருக்கே ஆபத்து. அதன் நச்சுவாயுவிற்கு நிறமும் மணமும் இல்லை. பகலில் காற்று தெளிந்திருக்கும் வேளையில் சன்னல்களைத் திறந்து வைக்கலாம். நாள்தோறும் குறட்டை விடும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுதல் அவசியம்.

ஆனால் ஆலைப் புகையைத் தாய்மார் சன்னலை அடைத்துத் தடுத்துவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்னும் வரம்பைப் பரிந்துரைத்தது. 2009-இல் நம் நாடு வகுத்த வரம்போ 40. காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981-இல் இயற்றப்பட்டது. இரவிலும் அளவெடுத்து அதனைச் செயற்படுத்துவது அதிகாரிகள் கடமை. அளவுகளைக் கேட்டறிவது ஊரார் உரிமை. பிள்ளையைத் தட்டி எழுப்புமுன், அவன் நன்கு உறங்குவதற்குரிய காற்றை அளித்தோமா என்று நம்மையே நாம் வினவிக்கொள்வோமாக.