பூவுக்குள் ஒரு வார்ப்படப் பட்டறை

எங்கள் அம்மா தீர்த்தமலைப் பக்கம் விதைப்பருத்திக் காட்டில் கிராஸிங் வேலைக்குப் போகிறவர். மறுநாள் மலரப் போகும் மொட்டைச் சாயங்காலமே நகத்தால் கீறி, இதழையும் மகரந்தப் பைகளையும் உரித்து எடுக்க வேண்டும். சூல்முடி மட்டும் நிற்கும். காலையில் ஆண் வரிசைப் பூவைக் கொண்டுவந்து அதன்மேல் தடவ வேண்டும். கட்டைவிரல் நகம் தேய்ந்துபோகும். 1970-ல் சூரத்தில் சி.டி.பட்டேல் "ஹைப்ரிட்-4" என்ற பருத்தியை வெளியிட்டாரே, உலகில் விற்பனைக்கு வந்த முதல் கலப்பினப் பருத்தி, அதுவும் இந்த விரல் வேலையில் வந்ததுதான்.

"கம்புக்கும் ஹைப்ரிட் விதை விக்கிறாங்களே, அந்தப் பொடிப் பூவை யாருடா உரிக்கிறாங்க?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, யாரும் உரிப்பதில்லை. தாய்ச்செடியே மகரந்தம் செய்வதை நிறுத்திவிடுகிறது!

மகரந்தப் பைக்குள் தாய்செல்கள் இருக்கின்றன. கம்பில் ஒவ்வொன்றுக்கும் 14 குரோமோசோம்கள். குன்றல் பிரிவில் அது நான்கு செல்லாகும்போது ஆளுக்கு 7. இவற்றைச் சுற்றி நிற்பது டபீட்டம் என்ற திசு. ஊட்டுவது, நான்கையும் சேர்த்துப் பிடித்திருக்கும் சுவரைக் கரைப்பது, மேல் ஓட்டுக்குச் சரக்கு தருவது எல்லாம் அதன் வேலை. முடிந்ததும் அது தானே அழிய வேண்டும். நம் பட்டறை மணல் அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். உலோகம் இறுகிய பிறகு உடைத்தால் வார்ப்பு கிடைக்கும். முன்னாலேயே உடைந்தால்? அவ்வளவுதான், போச்சு.

மகரந்தமில்லாக் கம்பில் கோளாறு இருப்பது மைட்டோகாண்ட்ரியாவில். அது தாய் வழியாக வருவது. அமெரிக்காவின் டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் உருவாக்கிய "டிஃப்ட் 23ஏ" அப்படிப்பட்ட தாய். அதை வைத்து லூதியானாவில் டி.எஸ்.அத்வால் உருவாக்கிய எச்.பி.1 கம்பு 1965-ல் வந்தது. சரி, வாங்கி விதைத்தவர் காட்டிலும் மகரந்தம் இல்லையென்றால் கதிரில் மணி எப்படிப் பிடிக்கும்? தந்தைச் செடியின் உட்கருவில் ஒரு மீட்பு ஜீன் உண்டு. அது கலப்புச் செடிக்கு வந்து கோளாறை அடக்கிவிடும். (அந்த மணியையே எடுத்து மறுபடி விதைத்தால் குணம் பிரிந்துபோகும், சில செடி மலடாகவும் நிற்கும். எங்கள் பாட்டியின் விதைக் குதிர் சும்மா கிடப்பது இதனால்தான்.)

ஒரே தாயை நம்புவதில் ஆபத்தும் உண்டு. அமெரிக்க மக்காச்சோளத்தில் "டி" வகை மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு ஜீன், டபீட்டத்தை முன்கூட்டியே அழிக்கும் புரதத்தைச் செய்கிறது. அதே புரதம் இலைக்கருகல் பூஞ்சையின் நஞ்சுக்கும் கதவு திறந்துவிட்டது. 1970-ல் அந்நாட்டுச் சோளத்தில் சுமார் 15 சதவீதம் பாழ். நம் நாட்டிலும் டிஃப்ட் 23ஏ வழி வந்த கம்புகள் 1970-களில் அடிச்சாம்பல் நோயில் விழுந்தன.

பருத்தியிலும் ஆண்மலட்டுச் செடிகள் உண்டு. ஆனாலும் நம் நாட்டில் கலப்பினப் பருத்தி விதை பெரும்பாலும் கையால்தான் உருவாகிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். "செடியே பார்த்துக்கிச்சுன்னா நல்லதுதான், விரல் பொழைக்கும்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "கூலி?" என்றார்.