காய்ச்சல் நீங்கிய கழனிகள்



அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் மருத்துவத்திற்கென ஒதுக்கும் பணம் கரைந்துபோகும் செலவா, பலன் தரும் முதலீடா? வகுப்பில் பொருளாதாரம் கற்பித்த நாளில் மாணவர்கள் என்னைப் பலமுறை கேட்ட வினா இது. அப்போதெல்லாம் இலங்கையின் மலேரியா வரலாற்றையே எடுத்துக் காட்டுவேன்.

அனுராதபுரம், பொலன்னறுவை முதலிய உலர் வலயப் பகுதிகளில் பண்டைய மன்னர் வெட்டிய பெருங்குளங்கள் பல உண்டு. நிலமும் உண்டு, உழுவதற்குத்தான் ஆளில்லை. காரணம் மலேரியாவே. வடகீழ்ப் பருவமழை பெய்து வயல்வேலை மிகும் காலத்தை ஒட்டியே காய்ச்சலும் மிகும். நோயுற்றவன் இறவாவிடினும், மண்ணீரல் வீங்கிக் குருதி குன்றிக் கலப்பை பிடிக்க இயலாதவனாவான். 1934-35இல் மழை பொய்த்து, ஆறுகள் வற்றித் தேங்கிய குட்டைகளில் கொசு பெருகியது. நோய் ஈர வலயத்திலும் பரவி, ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

1946 முதல் அரசு வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கும் பணியை விரிவாக்கிற்று. குருதி குடித்த கொசு சுவரில் அமரும், அமர்ந்தது மடியும். ஆண்டுக்கு ஆயிரவரில் 20 ஆக இருந்த இறப்பு, மறு ஆண்டே 14 ஆயிற்று. மருத்துவமனைகளுக்கும் நல்லுணவுக்கும் இதில் பங்குண்டு என்று ஆய்வாளர் சிலர் வாதிடுவர், அது நியாயமே. கல்லோயா போன்ற இடங்களில் காடு கழனியாயிற்று. அக்குடியேற்றங்கள் மூட்டிய இனப்பூசல் தனியே பேசவேண்டிய துயரக் கதை. மலேரியா மிகுந்திருந்த மாவட்டங்களில், அது ஒடுங்கிய பின் பிறந்த பெண்கள் கூடுதல் காலம் பள்ளியில் பயின்றனர் எனப் பிற்கால ஆய்வொன்று காட்டிற்று. ஆசிரியனாகிய எனக்கு நெற்கணக்கைவிட இக்கணக்கே பெரிதாகத் தோன்றுகிறது.

1963இல் நாடு முழுவதும் 17 பேருக்கே நோய் கண்டது. இனிச் செலவு எதற்கு என்று தெளிப்பை நிறுத்தினர், கண்காணிப்பும் தளர்ந்தது. விளைவு யாது? 1969இல் மட்டும் 5 லட்சத்திற்கு மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்தனர். மீண்டும் தெளிக்கப் புகுந்தபோது, கொசுக்கள் டி.டி.டி.யைத் தாங்கும் வன்மை பெற்று வந்தன. 1970களில், அதனினும் விலை மிகுந்த மாலத்தியானை வாங்க நேர்ந்தது.

பல்லாண்டு இடையறாத உழைப்பின் பின், 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எனினும் அனாபிலிஸ் கொசு அங்கிருந்து போய்விடவில்லை. ஆதலின், மலேரியா உள்ள நாடுகளிலிருந்து திரும்புவோரின் குருதியைச் சோதிக்கும் செலவு இன்றும் தொடர்கிறது.