ஓடையைப் படிக்கும் மாணவர்

நுழையும்முன்

தெளிவாகத் தோன்றும் நீரெல்லாம் தூயநீர் ஆகாது. ஓடையின் உண்மை நிலையை அதில் வாழும் சிற்றுயிர்களே உணர்த்துகின்றன. அவற்றை இனங்கண்டு ஓடையைக் கண்காணிக்கும் தென்னாப்பிரிக்க மாணவர்களின் முறையை இப்பாடம் விளக்குகிறது.

சிற்றுயிர்கள் கூறும் சான்று

ஓடைநீரைக் குப்பியில் எடுத்துச் சோதித்தால், எடுத்த வேளையில் அந்நீர் இருந்த நிலை மட்டுமே தெரியும். நேற்றிரவு கலந்த கழிவு இன்று காலைக்குள் அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம். ஆனால், கற்களுக்கடியில் மாதக்கணக்கில் வாழும் பூச்சிகளின் இளவுயிரிகள் அக்கழிவை எதிர்கொண்டே தீரவேண்டும். கல் ஈயின் இளவுயிரிக்கு உயிர்வளி மிகுந்த குளிர்நீர் தேவை. மாசு கலந்தால் முதலில் மறைவனவற்றுள் அதுவும் ஒன்று. அட்டையும் புழுவும் அழுக்கு நீரையும் தாங்கும். எனவே, எவை உள்ளன, எவை இல்லை என்பதே ஓடையின் அண்மைக்கால வரலாறாகிறது.

மினிசாஸ் முறை

அறிவியலாளர் பயன்படுத்தும் 'சாஸ்' என்னும் ஆய்வுமுறையை எளிமையாக்கி உருவாக்கப்பட்டதே 'மினிசாஸ்'. இதில் நீர்வாழ் சிற்றுயிர்கள் 13 தொகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. மாசைத் தாங்கும் ஆற்றல் குறையக் குறைய மதிப்பெண் கூடும்.

மாணவர்கள் ஆசிரியர் துணையுடன் ஓடையில் இறங்கிக் காலால் கற்களைக் கிளறுகின்றனர். நீரோட்டம் செல்லும் பக்கத்தில் வலையைப் பிடிக்கின்றனர். வலையில் சேர்ந்த உயிர்களை வெண்ணிறத் தட்டிலிட்டு இனங்கண்டபின், மீண்டும் நீரிலேயே விடுகின்றனர்.

ஓரிடத்தில் கல் ஈ (17), கேடிஸ் ஈ (9), நண்டு (6), தட்டான் (6) ஆகியவற்றின் தொகுதிகள் கிடைத்தால் கூட்டுத்தொகை 38. நான்கால் வகுக்க, சராசரி 9.5. மற்றோரிடத்தில் நத்தை (4), அட்டை (2), புழு (2), கொசுவகை இளவுயிரி (2) ஆகியன கிடைத்தால் சராசரி 2.5. இரண்டிடத்திலும் நான்கு தொகுதிகளே. ஆயினும் முன்னது நலமுள்ள ஓடை, பின்னது நலிந்த ஓடை.

கண்காணிப்பிலிருந்து காப்புக்கு

குவாசூலு-நடால் மாநிலத்தின் மிட்மார் நீர்த்தேக்கம் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரங்களுக்குக் குடிநீர் தருகிறது. அதன் அருகிலுள்ள மபோபொமெனி ஊரின் கழிவுநீர்க் குழாய்கள் நிரம்பி வழிந்து, ஓடைகள் வழியாக அந்நீர்த்தேக்கத்தைச் சென்றடைந்தன. உள்ளூர் மக்கள், கழிவு வழியும் ஆள்நுழை குழிகளைக் கண்காணித்துப் பதிவு செய்தனர். ஓடையின் மேற்பகுதியில் மதிப்பெண் உயர்ந்தும் கீழ்ப்பகுதியில் தாழ்ந்தும் இருப்பின், மாசு கலக்குமிடம் இடையில் உள்ளது என்பது புலப்படும். 'நீர் நாறுகிறது' என்னும் முறையீட்டைப் புறந்தள்ளலாம். இடமும் நாளும் எண்ணும் கொண்ட பதிவைப் புறந்தள்ளுதல் எளிதன்று.

ஒருநாள் ஆய்வு போதாது. பெருமழை வெள்ளமும் சிற்றுயிர்களை அடித்துச் செல்லும். ஆகவே, ஒரே இடத்தில் பருவந்தோறும் ஆய்வு தொடரவேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் கல் ஈயும் கேடிஸ் ஈயும் வாழ்கின்றன. ஆனால், தென்னாப்பிரிக்க ஓடைகளுக்கென வகுத்த மதிப்பெண்களை இங்கு அப்படியே பொருத்த இயலாது. நம் ஓடைகளுக்குரிய அளவுகோலை வகுக்க, அவற்றில் வாழும் உயிர்களின் தொடர்ச்சியான பதிவுகள் தேவை. அப்பதிவுகளைத் தொடங்க ஒரு வலையும் வெண்ணிறத் தட்டும் குறிப்பேடும் போதும்.