உங்கள் கை மெதுவாகவில்லை... மரியோ வேகமாகிவிட்டார்!

வீடு மாற்றும்போதுதான் பரணில் என்னென்ன இருக்கிறது என்பதே தெரியும். தாம்பரம் தாண்டி காட்டாங்குளத்தூர், மறைமலை நகர் பக்கம் 1990-களில் குடியேறிய பல வீடுகளில், பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே ஒரு டிவி கேம் செட், வயர் சுற்றிய இரண்டு கன்ட்ரோலர்கள், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, அப்புறம் நாலைந்து கேசட்டுகள். அதில் ஒரு கேசட்டின் மேல் '9999999 கேம்ஸ்' என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்து, இருபது கேம்தான் திரும்பத் திரும்ப வரும்!

செட் வேலை செய்யாது. 'சரி போகட்டும்' என்று அப்பா மொபைலில் மரியோவை இறக்கி, பிள்ளைகளுக்கு விளையாடிக் காட்டுவார். ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளத்தில் தொபுக்கடீர் என்று விழுவார். 'அப்பாவுக்கு வயசாயிடுச்சு' என்று வீடே சிரிக்கும்.

வயதுக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனால் பழி முழுவதையும் அதன் மேல் போட வேண்டாம். அன்று நம் வீட்டு டிவியில் மரியோ உண்மையிலேயே மெதுவாகத்தான் ஓடினார். ஜப்பானில் 5 விநாடியில் ஓடிய தூரத்தை இங்கே 6 விநாடியில் ஓடினார்.

உலகம் இரண்டாகப் பிரிந்த கதை

பழைய பிக்சர் டியூப் டிவி ஒரு படத்தை மொத்தமாகக் காட்டாது. கோலம் போடுவதுபோல, மேலிருந்து கீழே ஒவ்வொரு கோடாக வரையும். கீழே முடித்ததும் மறுபடி மேலே போய் அடுத்த படத்தைத் தொடங்கும். விநாடிக்கு இதை எத்தனை முறை செய்வது என்பதில்தான் நாடுகள் பிரிந்தன.

அந்தந்த நாட்டு மின்சாரம்தான் ஆரம்பக் காரணம். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதனால் டிவியும் விநாடிக்கு 60 முறை வரைந்தது. அங்கே 'என்.டி.எஸ்.சி' முறை வந்தது, ஜப்பானும் அதையே எடுத்துக்கொண்டது. நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே டிவியும் 50 முறைதான். 1982-ல் இந்தியாவில் கலர் ஒளிபரப்பு வந்தபோது 'பால்' முறை வந்தது. குடிக்கிற பால் அல்ல, கலர் சிக்னலின் பெயர் அது! இலங்கை, சிங்கப்பூர், துபாய் எல்லாம் நம்ம கட்சிதான்.

அதனால்தான் சிங்கப்பூர் சித்தப்பா வாங்கி வந்த செட் அப்படியே ஓடியது. அமெரிக்க மாமா ஆசையாகக் கொண்டு வந்ததை மாட்டினால், படம் கறுப்பு வெள்ளையில் மேலும் கீழும் உருண்டது. மாமா ஏமாறவில்லை, செட்டும் ரிப்பேர் இல்லை. இரண்டுக்கும் பாஷை வேறு, அவ்வளவுதான்.

கேசட்டில் படம் இல்லை

இங்கே ஒரு சந்தேகம் வரும். சிக்கல் கேசட்டிலா, செட்டிலா?

கேசட்டுக்குள் வீடியோ டேப்போல படம் எதுவும் பதிவாகி இருக்காது. அதில் இருப்பது கேமின் புரோகிராமும், பொம்மைகளின் வடிவமும் மட்டுமே. டிவிக்குப் போகும் சிக்னலை உருவாக்குவது செட்தான். அப்படியானால் ஜப்பான் கேசட்டை எந்த நாட்டு செட்டில் போட்டாலும் ஓட வேண்டும் அல்லவா? அங்கேதான் இன்னொரு சிக்கல்.

நின்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' செட்டை ஜப்பானில் 1983-ல் வெளியிட்டது. இரண்டு ஆண்டு கழித்து 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' வந்தது. அந்தக் கால கேம்களை எழுதியவர்கள், டிவி வரையும் நேரத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் திரையை மாற்ற முடியும். ஜப்பான் செட்டில் அந்த இடைவெளி 20 கோடு வரையும் நேரம். ஐரோப்பாவின் 'பால்' டிவிக்காக நின்டெண்டோ தயாரித்த செட்டில் அது 70 கோடு நேரம்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்தி எழுந்ததும் மேற்பார்வையாளர் மணி அடிக்கிறார். மணி அடித்த 20 நிமிடத்தில் அடுத்த பந்தி உட்காரும் என்பது சமையல்காரர் கணக்கு. அதற்கேற்ப சாதம் வடிக்கிறார். ஒரு நாள் மட்டும் மணி அடித்து 70 நிமிடம் கழித்து ஆட்கள் வந்தால்? சாதம் ஆறிப்போகும், பரிமாறும் வரிசையே குழம்பும். கேமிலும் அதேதான் நடந்தது. சில கேம்களில் ஸ்கோர் பலகை நடுங்கியது. சில கேம்கள் பாதியில் நின்றன.

தைவான் கண்டுபிடித்த குறுக்கு வழி

காட்டாங்குளத்தூரில் ஏறும் மின்சார ரயில் போய்ச் சேரும் கடைசி நிறுத்தம் சென்னை கடற்கரை. இறங்கினால் பர்மா பஜார். பர்மாவில் இருந்து திரும்பிய தமிழர்கள் 1960-களில் தொடங்கிய கடைத்தெரு, வெளிநாட்டுச் சாமான்களுக்குப் பெயர்போனது. அண்ணா சாலைப் பக்கம் போனால் ரிச்சி தெரு. இந்த இரண்டு இடங்களும்தான் சென்னைக்கு எலெக்ட்ரானிக்ஸ் சந்தை. சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று 1990-களில் பல பெயர்களில் டிவி கேம் செட்டுகள் இந்தியாவில் விற்றன. விற்றவற்றில் பெரும்பாலானவை ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள்.

'நகல்தானே' என்று இளக்காரமாக நினைக்கத் தோன்றும். ஆனால் இப்படிப்பட்ட 'பால்' நகல்கள் பலவற்றில் இருந்த தைவான் யு.எம்.சி. நிறுவனத்தின் சிப்புகள் கெட்டிக்காரத்தனமானவை. படம் வரைந்து முடித்ததும் உடனே மணி அடிக்காமல், 50 கோடு நேரம் சும்மா காத்திருக்கும். மீதி 20 கோடு இருக்கும்போதுதான் மணி அடிக்கும். டிவிக்கு வேண்டிய 50 ஹெர்ட்ஸும் கிடைத்தது, கேமுக்கு வேண்டிய 20 கோடு இடைவெளியும் கிடைத்தது. சமையல்காரருக்கு விஷயமே தெரியாது!

ரஷ்யாவில் 1992-ல் வந்து சக்கைப்போடு போட்ட 'டெண்டி' செட்டிலும் இதே தந்திரம்தான். அதனால் இந்த முறைக்கே 'டெண்டி' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஐரோப்பாவின் அசல் செட்டில் தடுமாறிய ஜப்பான் கேசட்டுகள் பல, நகல் செட்டில் ஜம்மென்று ஓடின.

சுருதி அதே, தாளம் வேறு

ஆனாலும் விநாடிக்கு 60 படம் என்பது 50 ஆகிவிட்டதே? கேமின் ஒவ்வொரு அசைவும் படத்துக்குப் படம்தான் நடக்கும். படம் குறைந்தால் எல்லாமே நிதானமாகும்.

மரியோவின் முதல் கட்டத்தில் நேரம் 400-ல் இருந்து இறங்கும். ஒவ்வொரு எண்ணும் 24 படங்களுக்கு ஒருமுறை குறையும். ஜப்பான் டிவியில் 400 தீர சுமார் 160 விநாடி. நம் வீட்டு டிவியில் 192 விநாடி. அரை நிமிடத்துக்கும் மேல் போனஸ்!

பாட்டும் அப்படித்தான். நகல் செட்டின் மூளைச் சிப் ஏறக்குறைய ஜப்பான் செட்டின் வேகத்திலேயே ஓடியதால் சுருதி மாறவில்லை. தாளத்தின் வேகம் மட்டும் குறைந்தது. ஐரோப்பிய செட்டில் ஜப்பான் கேசட்டைப் போட்டால் சுருதியும் சேர்ந்து இறங்கிவிடும்.

இன்றைய மினி செட்டுகளும் மொபைல் எமுலேட்டர்களும் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில் ஓடுகின்றன. நின்டெண்டோவே 2016-ல் வெளியிட்ட மினி செட், ஐரோப்பாவிலும் 60-ல்தான் ஓடியது. உங்கள் விரல் பழகியது 50-க்கு. பள்ளம் ஒரு நொடி முன்னதாக வந்துவிடுகிறது, விரல் பழைய கணக்கிலேயே அழுத்துகிறது.

பரண் செட்டை மறுபடி ஓட்ட...

* பழைய அடாப்டரை யோசிக்காமல் சொருகாதீர்கள். ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட், அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் போட்டால் புகைதான் வரும். செட்டில் எழுதியிருக்கும் வோல்ட்டையும், பிளஸ் மைனஸ் குறியையும் மெக்கானிக்கிடம் காட்டி அடாப்டர் வாங்குங்கள்.

* ஆன்லைனில் கேசட் வாங்கும் முன் பின்களை எண்ணுங்கள். நம் ஊர் செட்டுகள் பெரும்பாலானவற்றுக்கு 60 பின் கேசட். அமெரிக்க, ஐரோப்பிய கேசட்டுகள் 72 பின், உயரமும் அதிகம். அவை அப்படியே பொருந்தாது.

* கேசட்டை வாயால் ஊதும் பழக்கம் வேண்டாம். எச்சில் ஈரம் பின்களை அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த இயர்பட்ஸால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

* செட்டில் மஞ்சள் ஏ.வி. பின் இருந்தால் அதன் வழியாகப் புது டிவியில் இணையுங்கள்.

* வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் எல்.இ.டி. டிவியில் வேலை செய்யாது. பிக்சர் டியூப் கோடு கோடாக ஒளிரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது குறி தவறியதா என்று கண்டுபிடிக்கும். வீட்டில் ஓடும் நிலையில் குண்டு டிவி இருந்தால், பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

* மொபைலோ கம்ப்யூட்டரோதான் கதி என்றால், எமுலேட்டரின் செட்டிங்ஸில் 'ரீஜன்' பகுதியைப் பாருங்கள். 'பால்' என்றும், சிலவற்றில் 'டெண்டி' என்றுமே இருக்கும். நம் ஊர் செட்டின் வேகம் வேண்டுமென்றால் 'டெண்டி'தான் சரி.

அதை மாற்றிவிட்டு மறுபடி ஆடிப் பாருங்கள். பாட்டு கொஞ்சம் நிதானமாக வரும், பள்ளம் பழைய இடைவெளியில் வரும். அப்பா தாண்டிவிட்டால், அடுத்த ஆட்டத்தை 60-க்கு மாற்றி மகளிடம் கொடுங்கள். போட்டி என்றால் இரண்டு பேருக்கும் பழகிய வேகத்தில் இருப்பதுதானே நியாயம்!